கேன் காலியாக இருக்கக் கூடாது

அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து மோகனப்பிரியாவால் ஓரிடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. வகுப்பில் பாதிப் பாடத்தில் ஜன்னலோரம் போய் நின்றுவிடுகிறாள். வீட்டில் தோசைக்கல்லை அடுப்பில் விட்டுவிட்டு, வாசல் கேட்டைச் சாத்தினோமா என்று பார்க்கப் போகிறாள். அது ஆனி மாதம். பாலக்காட்டுப் பக்கமிருந்து புறப்பட்டு வரும் காற்று கோயம்புத்தூர்ச் சத்தி ரோட்டுப் புழுதியை வாரியெடுத்துக் கல்லூரி ஜன்னல்களில் அடித்துக்கொண்டிருந்தது. ஏதாவதொரு கதவு எங்கேயாவது படீரென்று சாத்திக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தூக்கிவாரிப்போடும்.

கடிதம் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தது. மிக மரியாதையான கடிதம். அதுதான் அவளை அதிகம் வதைத்தது. ‘உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கும் முறைப்படியே மூன்று தடவை செய்து பார்த்தோம். எங்களுக்கு 0.64 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கவில்லை. பிழை எங்களுடையதாக இருக்கலாம். தயவுசெய்து விளக்க முடியுமா?’ கட்டுரையை வெளியிட்ட ஆய்வுப் பத்திரிகையின் ஆசிரியருக்கும் ஒரு நகல் போயிருந்தது. இரண்டு நாள் கழித்து ஆசிரியரின் கடிதமும் வந்தது. ஜூலை முடிவதற்குள் பதில் வேண்டும். முடிவை மறுபடி எடுத்துக்காட்ட முடியாவிட்டால், கட்டுரையை நீங்களே திரும்பப் பெற்றுக்கொள்வது நல்லது.

அவளுடைய வேலை வெயிலிலிருந்து மின்சாரம் எடுப்பது. விலையுயர்ந்த சிலிக்கான் இல்லாமல், பெயின்டில் போடுகிற டைட்டானியம் வெள்ளையைக் கொண்டு எடுப்பது. அந்த வெள்ளையைத் தூய வடிநீரில் நுண்ணிய துகள்களாகச் செய்ய வேண்டும். ஒரு தலைமுடியின் குறுக்கே மூவாயிரம் துகளை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு நுண்மை. அதை மின்சாரம் கடத்தும் கண்ணாடியில் பூசிச் சுட்டு, சாயத்தில் ஊறப்போட்டு, அயோடின் கரைசலை ஊற்றி மூடினால் ஒரு செல். மூன்று வருடமாக அவள் செய்த செல்கள் எல்லாம் 0.64 வோல்ட்டில் நின்றன. போன வருடம், தொண்ணூற்றைந்து மே மாதத்தில், ஒன்பது செல்கள் மட்டும் 0.73 காட்டின. ஒன்றல்ல, ஒன்பது. அதை வைத்துத்தான் கட்டுரை எழுதினாள். ஜனவரியில் அச்சில் வந்தபோது துறைத்தலைவர் கோவிந்தராஜுலு தன் செலவில் மைசூர்பாகு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். நிதி கேட்டு டெல்லிக்குப் பெரிய திட்டம் ஒன்றும் எழுதி அனுப்பியாயிற்று.

அந்த ஒன்பதுக்குப் பிறகு பத்தாவது வரவேயில்லை.

“அறுபத்து நாலு, மேடம்,” என்றாள் சபுரா.

ஆராய்ச்சி மாணவி சபுரா விளக்கின் கீழே செல்லை வைத்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மேகமூட்டம். வெயிலுக்குப் பதிலாக ஹாலஜன் விளக்கை எரியவிட்டிருந்தார்கள். அந்தச் சூட்டில் அவள் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

“இன்னொரு தடவை வயரைக் கழட்டி மாட்டு.”

“மூணு தடவை மாட்டிட்டேன் மேடம்.”

“பழைய நோட்டைக் கொண்டா.”

நோட்டு இருவருக்கும் மனப்பாடம். அதே பாட்டில் ரசாயனம், அதே அடுப்பு, அதே நானூற்றைம்பது டிகிரி. மே பதினொன்றாம் தேதிப் பக்கத்தின் ஓரத்தில் மட்டும் பென்சிலில் ‘கலவை சற்றுக் கெட்டி’ என்று இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. அந்த ஒன்பது செல்களும் இப்போது இல்லை. இறக்குமதிக் கண்ணாடி, விலை அதிகம். அளந்து முடித்ததும் சுரண்டிக் கழுவி வேறு செல் செய்துவிட்டார்கள். எப்போதும் அப்படித்தான் செய்வார்கள்.

“மேடம்,” என்றாள் சபுரா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. “நான் பொய்யா எதுவும் எழுதலை.”

“நான் அப்படிச் சொன்னேனா?”

“சொல்லலை.”

சொல்லவில்லைதான். ஆனால் நேற்று அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கணம் அந்த எண்ணம் உள்ளே எட்டிப்பார்த்திருந்தது. அதை இந்தப் பெண் எப்படியோ பார்த்துவிட்டாள். மோகனப்பிரியாவுக்கு முகம் சுட்டது. தன் பெயர் தப்பிக்க வேண்டுமென்றால் இன்னொருத்தியின் பெயர் மேல் கை நீளுகிறது. இவ்வளவு சீக்கிரமாகவா?

அவள் எழுந்து போய்த் திறந்திருந்த ஜன்னலைச் சாத்தினாள். உடனே புழுங்கியது. மறுபடி திறந்தாள்.

அப்போதுதான் லேப் உதவியாளர் மாரியாத்தாள் வெள்ளைக் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஐம்பத்தைந்து வயது. கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறவள். கண்ணாடிச் சாமான் கழுவுவதும், தண்ணீர் வடிக்கும் மிஷினை ஓட்டிக் கேனில் பிடித்து வைப்பதும் அவள் வேலை. கேனின் மேல் ‘இரட்டை வடிநீர்’ என்று மோகனப்பிரியாவே தன் கையால் எழுதி ஒட்டியிருந்தாள்.

“ஏனுங் மேடம், மொகம் சுண்டிக் கெடக்குது? உண்டீங்களா இல்லீங்களா?”

“ஆச்சுங்க. கேன்ல தண்ணி இருக்குதா?” பழக்கத்தில் கேட்ட கேள்வி.

“உங்க கேன் என்னைக்குங்க காலியா இருந்துது? போன வருசம் மிசினே படுத்துக்கிட்டப்பக்கூட நான் காலியா உட்டனுங்களா?”

மோகனப்பிரியா திரும்பினாள். “மிஷின் எப்பப் படுத்துச்சு?”

“சித்திரையிலீங். உள்ள சூடு பண்ற காயில் எரிஞ்சுபோச்சு. ஸ்டோருக்கு எழுதிக் குடுத்தேன். மூணு வாரம் இழுத்தடிச்சாங்க.”

“அந்த மூணு வாரம் கேன்ல என்ன இருந்துச்சு?”

“தண்ணிதானுங்.”

“என்ன தண்ணிங்க?”

மாரியாத்தாளுக்குக் கோபமே வந்துவிட்டது. “நான் என்ன கண்ட தண்ணியையுமா ஊத்துவேன்? இங்க காலேஜு போர்த் தண்ணி ஊத்துனா டம்ளரெல்லாம் வெள்ளை பூத்துப்போகுது. எங்கூட்டுக் கொழாயில வர்ற மலைத்தண்ணி, சிறுவாணி கொண்டாந்தேனுங். ரத்தினபுரியில இருந்து பஸ்ஸுல, மடியில வெச்சு. கண்டக்டரு லக்கேஜு போடோணுங்கறான். ‘ஏன்டா, இது என்ன ஆட்டுக்குட்டியா? காலேஜுல ஆராய்ச்சிக்குப் போற தண்ணிடா’ன்னேன். வாய மூடிக்கிட்டான்.”

சபுரா கையிலிருந்த கண்ணாடியை மெல்ல மேஜையில் வைத்தாள்.

“டிஸ்டில்டு வாட்டர்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமில்லைங்க?”

“தெரியாம என்னங்? ஆவித் தண்ணி. பேட்டரிக்கு ஊத்தறது. அதுல ஒரு ருசி உண்டுங்களா? சிறுவாணிக்கு மேல சுத்தமான தண்ணி ஒலகத்துல எங்கீங் இருக்குது?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லைங்க?”

“நீங்கதானுங்களே சொன்னீங்க. என்ன ஆனாலுஞ் செரி, கேன் காலியா இருக்கக் கூடாதுன்னு.”

சொன்னதுதான். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் கேன் காலியாக இருந்தது. பாதி வேலையில் கையில் பீக்கரோடு நின்றபோது, மாணவர்கள் பார்க்க, தன்னைவிடப் பதினேழு வயது மூத்த அந்த அம்மாளை அவள் என்னென்னவோ பேசிவிட்டாள். அன்று மாலையே மறந்தும் போனாள். மாரியாத்தாள் மறக்கவில்லை.

தன் கட்டுரையில் ‘இரட்டை வடிநீர் பயன்படுத்தப்பட்டது’ என்று அவள்தான் எழுதினாள். கேன் மேலிருந்த தன் கையெழுத்தைப் பார்த்தே அதை எழுதியிருக்கிறாள். கேனுக்குள் ஒரு நாளும் பார்த்ததில்லை. தண்ணீரின் சுத்தத்தை அளக்கும் மீட்டர் ஒன்று துறையில் உண்டு. கெட்டுப்போய்விடும் என்று கோவிந்தராஜுலு அதைப் பிளாஸ்டிக் உறை போட்டுத் தன் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்.

ஆனாலும் அந்த மாலை அவளுக்குள் ஒரு துள்ளல் இருந்தது. காரணம் கிடைத்துவிட்டதே. மறுநாளே மாரியாத்தாள் வீட்டுச் சிறுவாணியைக் கொண்டுவரச் சொன்னாள். டைட்டானியச் சேர்மத்தைச் சொட்டுச் சொட்டாக அந்தத் தண்ணீரில் விட்டு, காய்ச்சி, பூசி, சுட்டு, ஐந்தாம் நாள் விளக்கின் கீழ் வைத்தார்கள்.

0.65.

“ஒரு பாயின்ட் கூடியிருக்குது மேடம்,” என்றாள் சபுரா, ஆறுதலாக.

“அது மீட்டரோட ஆட்டம்,” என்றாள் மோகனப்பிரியா.

கோவிந்தராஜுலு தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவரில்லை. ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருக்கிற, எல்லாவற்றுக்கும் கொஞ்சம் பயப்படுகிற மனிதர். “என்னம்மா இது? டெல்லிக் கமிட்டி ஆகஸ்ட்டுல கூடுது. கட்டுரையை வாபஸ் வாங்கினோம்னு ஒரு பேச்சுக் காதுல விழுந்தாப் போதும், ஃபைலைத் தூக்கிக் கடாசிருவாங்க. உனக்கு புரொபசர் இன்டர்வியூ வேற வருது. எப்படியாவது இன்னொரு செல்லு கொண்டா.”

எப்படியாவது. அந்த வார்த்தை அவளோடு ஸ்கூட்டியில் ஏறி, அவள் குடியிருந்த கணபதிப் பகுதி வரைக்கும் வந்தது, வீட்டுக்குள்ளும் நுழைந்தது. அவள் திருடவில்லை, ஏமாற்றவில்லை. ஆனால் திருடியவளுக்கு இருக்கும் தவிப்பு அத்தனையும் அவளுக்கு இருந்தது. யாரோ பார்த்துவிடுவார்கள் என்பதாக. எதைப் பார்த்துவிடுவார்கள்? அதுதான் தெரியவில்லை. ஒருவேளை அந்த ஒன்பது செல்களும் அவளுடையவையே அல்ல என்பதையா? பதினான்கு வருடம் படித்ததும் படிப்பித்ததும் ஒரு பக்கம் இருக்க, அவளுக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் எங்கிருந்தோ வழிதவறி வந்தது என்பதையா?

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கணவன் கிருபாசங்கர் பின்பக்கம் உட்கார்ந்து, தண்ணீர் சுட வைக்கும் ஹீட்டர் ராடைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தான். மோட்டார் பம்புக்கு ஃபுட்வால்வு வார்க்கும் சிறு பட்டறை வைத்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமையும் கையில் இரும்பு இல்லாமல் இருக்க அவனால் முடியாது.

“பாரு பிரியா, நம்ம போர்த் தண்ணியோட லட்சணத்தை. ரெண்டு மாசத்துல எத்தனை கனத்துக்குப் பொறுக்கு ஏறியிருக்குது. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி.”

“சுரண்டிட்டுப் போடுங்க.”

“சுரண்டத்தான் செய்யறேன். உனக்கென்ன, காபியக் குடுத்துப்போட்டு அங்கயும் இங்கயும் கூண்டுக் கிளியாட்டம் நடந்துட்டே இருக்கற? ஒரு எடத்துல உக்காரு. ஃபுட்வால்வு இல்லாத பம்பாட்டம், ஏத்த ஏத்த எறங்கிட்டே இருக்குது உனக்கு.”

அவள் நின்றாள்.

ஃபுட்வால்வு இல்லாத பம்பு. கிணற்றிலிருந்து மேலே ஏறிய தண்ணீர் திரும்பவும் கிணற்றுக்கே இறங்கிவிடாமல் குழாயின் அடியில் பிடித்து நிறுத்துவதுதான் ஃபுட்வால்வு. அவளுடைய செல்லிலும் அதே நோய்தான். வெளிச்சம் பட்டு ஏறிய எலெக்ட்ரான் கம்பிக்குப் போகாமல் வந்த வழியே கரைசலுக்குள் இறங்கிவிடுகிறது. அதனால்தான் 0.64க்கு மேல் ஏறுவதில்லை. துகளின் மேல் மெல்லிய தோலாக ஏதாவது படிந்திருந்தால்? உள்ளிருந்து வெளியே கசியவிடாத ஒரு பொறுக்கு?

அவள் குனிந்து தரையில் விழுந்திருந்த வெள்ளைச் சில்லை எடுத்து விரலில் தேய்த்தாள்.

“சிறுவாணில உப்பே கிடையாது,” என்றாள், தனக்குத்தானே.

“அதைச் சொல்லத்தான் படிச்சு டாக்டராவோணுமா?” என்றான் கிருபாசங்கர்.

அப்படியானால் அந்த மே மாதம் கேனில் இருந்தது எந்தத் தண்ணீர்? அவள் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள்.

ரத்தினபுரியில் மாரியாத்தாளின் வீடு இரண்டு அறை ஓட்டு வீடு. மேடம் வந்துவிட்டாள் என்று அந்த அம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மருமகள் சாந்தாமணி, பதினொரு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒல்லியான பெண். இருபத்திரண்டு வயதிருக்கும்.

“குடிங் மேடம். நேத்து வந்த சிறுவாணி,” என்றாள் மாரியாத்தாள்.

மோகனப்பிரியா குடித்தாள். “போன வருஷம் சித்திரையில இங்க தண்ணி எப்படிங்க வந்துச்சு? அந்த வெயில்ல?”

“அதையேங் கேக்கறீங்க? எட்டு நாளைக்கு ஒருக்கா. அதுலயும் ஊசி நூலாட்டம்.”

“அப்பவும் கேனுக்கு எடுத்துட்டு வந்தீங்களா? வீட்டுக்குப் பத்தலைன்னு போர்த் தண்ணி கிண்ணி கலந்து...”

“சிவசிவா! இந்த நாக்கு ஒரு மொடக்குல சொல்லிப்போடுமுங். எந்த வீதித் தண்ணின்னு சொல்லிப்போடும். எங்கிட்ட ஆரும் ஏமாத்த முடியாது.”

சொம்பை வாங்க நீட்டிய சாந்தாமணியின் கை நடுவழியில் நின்றது. பிறகு வாங்கிக்கொண்டு விசையாக உள்ளே போய்விட்டாள். மோகனப்பிரியா அதைப் பார்த்தாள். பார்க்காதது போல இருந்தாள்.

கிளம்பும்போது, “வீதி முக்கு வரைக்கும் போயிட்டு வாரேனுங் அத்தை,” என்று குழந்தையோடு சாந்தாமணியும் கூடவே இறங்கினாள். வீதி முனையில் நின்றாள். அங்கே ஓர் அடிபம்பு இருந்தது. அதன் சிமென்ட் மேடை முழுவதும் வெள்ளை பூத்திருந்தது.

“டீச்சருங்,” என்றாள் பம்பைப் பிடித்துக்கொண்டு. “எதுக்குங் கேட்டீங்க?”

“என் வேலைக்குத் தெரிஞ்சாகணும் சாந்தாமணி. கோபமெல்லாம் ஒண்ணுமில்லை.”

“ஏழு மாசமுங் அப்ப எனக்கு. கால் தடுக்கி ரெண்டு கொடத்தையும் சாச்சுப்போட்டேன். ஒரு கொடம் ஒடுங்கிப்போச்சு. அடுத்த தண்ணிக்கு இன்னும் ஆறு நாள் கெடக்குது. அத்தை வேலைக்குப் போயிருந்தாங்க. பயத்துல இந்தப் பம்புல அடிச்சு ரொப்பி வெச்சுப்போட்டனுங்.” அவள் குரல் இறங்கியது. “அத்தை வந்து ஒரு சொம்பு குடிச்சாங்க. ‘சிறுவாணி சிறுவாணிதான்’னாங்க. எனக்கு உசிரு வந்துது. அப்பறம் ஆறு நாளும் அதைத்தானுங் கேன்ல மொண்டுட்டுப் போனாங்க.”

மோகனப்பிரியாவுக்குள் ஏதோ எகிறிக் குதித்தது. சந்தோஷம்தான். எதிரே ஒரு பெண் ஒரு வருடமாக வைத்திருந்த பயத்தை அவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருக்கும்போது தனக்குச் சந்தோஷம் வருகிறதே என்று மறுகணமே கூசியது. இரண்டும் சேர்ந்தே இருந்தன, எதுவும் விலகவில்லை.

“அத்தைகிட்டச் சொல்லிப்போடாதீங் டீச்சர்.”

“சொல்ல மாட்டேன். எனக்கு ரெண்டு பாட்டில் இந்தத் தண்ணி வேணும். குழந்தையக் குடு, நான் வெச்சுக்கறேன்.”

சாந்தாமணி பம்பை அடித்தாள். பெட்டிக்கடையில் வாங்கிய காலி பாட்டில்களில் தண்ணீர் நிறைந்தது. பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. குழந்தை மோகனப்பிரியாவின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது.

வெள்ளிக்கிழமை மதியம் சபுரா விளக்கைப் போட்டாள். கலவை இந்தத் தடவையும் சற்றுக் கெட்டியாகத்தான் வந்திருந்தது. அதைப் பார்த்தபோதே இருவருக்கும் தெரிந்துவிட்டது. மீட்டரின் எண்கள் ஓடின. எழுபத்தொன்று. எழுபத்திரண்டு. அங்கே நின்றன. இரண்டாவது செல் எழுபத்து மூன்றில் நின்றது.

சபுரா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மோகனப்பிரியா அவள் முதுகில் கை வைத்தாள். “உன்னைச் சந்தேகப்பட்டேன். ஒரு நிமிஷம். மன்னிச்சுக்க,” என்றாள்.

“தெரியும் மேடம்,” என்றாள் சபுரா. “நானும் உங்களைச் சந்தேகப்பட்டேன். ரெண்டு நிமிஷம்.”

கோவிந்தராஜுலு வந்து மீட்டரைப் பார்த்து, முழுக்கதையும் கேட்டு, கதவைச் சாத்தினார். “அடிபம்பு, மாமியார், மருமகள்னெல்லாம் எழுதினா சிரிப்பாங்கம்மா. நமக்கு லேபு நடத்தத் தெரியலைன்னு ஆயிரும். காரணம் கால்சியம்தான்னு வெச்சுக்க. வடிநீர்ல கொஞ்சம் கால்சியம் சேர்த்தோம், அந்த விவரம் கட்டுரையில விட்டுப்போச்சுன்னு ரெண்டு வரி எழுதிரு. முடிவு உண்மைதானே? யாருக்கு நஷ்டம்?”

யாருக்கும் நஷ்டமில்லை. அதனால்தான் அது அவ்வளவு வழுவழுப்பாக இருந்தது. அவள் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து அந்த இரண்டு வரியையும் அடித்தாள். படித்துப் பார்த்தாள். ‘சிறிதளவு கால்சியம் சேர்க்கப்பட்டது.’ யார் சேர்த்தது? அந்த வரியில் அவள் எல்லாம் தெரிந்தவளாக நின்றாள். கேனுக்குள் பார்த்தவளாக. புரொபசராக.

அவள் எழுந்தாள். உட்கார்ந்தாள். காற்றில் அடித்துக்கொண்ட கதவுக்கு ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்தாள்.

மாரியாத்தாள் பீக்கர்களைக் கழுவ வந்தாள். மேஜை மேல் பாட்டிலில் ஒரு பாதித் தண்ணீர் மீந்திருந்தது. “தொண்டை வறண்டு கெடக்குதுங்,” என்று சொல்லி, மோகனப்பிரியா தடுப்பதற்குள் அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள்.

விழுங்கினாள். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“இது எங்க வீதி முக்கு அடிபம்புத் தண்ணியாச்சே. இங்க எப்படி வந்துது?”

மோகனப்பிரியா மெதுவாகக் கேட்டாள். “அப்ப, போன வருஷம்...”

மாரியாத்தாள் பாட்டிலைக் கீழே வைத்தாள். சபுரா இருக்கிறாள் என்று பார்த்தாள். பிறகு பரவாயில்லை என்று நினைத்தாளோ என்னவோ, ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“நாக்குல பட்டதுமே தெரிஞ்சுபோச்சுங். கொடம் வேற ஒடுங்கிக் கெடந்துது. அவ கதவுக்குப் பின்னால நின்னு, நான் குடிக்கறதையே பாத்துட்டிருக்கறா. வெளுத்துக் கெடக்கற புள்ளத்தாச்சி. இதுக்குப் போயி ஒரு பேச்சா? ‘சிறுவாணி சிறுவாணிதான்’னு சொல்லிப்போட்டு அக்கட்டால போயிட்டேன்.”

“தெரிஞ்சுக்கிட்டேதான் கேன்ல ஊத்துனீங்களா?”

“வேற தண்ணிக்கு எங்கீங் போறது? காலியா இருந்தா நீங்க வைவீங்க.” மாரியாத்தாள் முந்தானையை முறுக்கினாள். “சொல்லிப்போடோணும்னுதானுங் அன்னைக்கு வந்தேன். நீங்க போன்ல ஆரோடயோ கத்திக்கிட்டிருந்தீங்க. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு ஊத்திப்போட்டேன். அப்பறம் நாளைக்கு, நாளைக்குன்னு போயிருச்சு. என் தப்புத்தானுங். எழுதி வேணுமின்னாலும் வாங்கிக்கோங்.”

சாந்தாமணி மாரியாத்தாளுக்குப் பயந்தாள். மாரியாத்தாள் எனக்குப் பயந்தாள். நான்? மோகனப்பிரியா திரையில் இருந்த வரியைப் பார்த்தாள். பெயர்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஒரு ஜெர்மன்காரருக்கு. டெல்லியில் மேஜையைச் சுற்றி உட்காரப்போகும் ஏழு பேருக்கு. ஒருவருக்கொருவர் திட்டு வாங்காமலிருக்க, ஆளுக்கொரு கை ஊற்றி ஊற்றி நிரப்பிய கேன் அது. கடைசிக் கை அவளுடையது. இன்னும் ஊற்றவில்லை. ஊற்றத்தான் அடித்து வைத்திருக்கிறாள்.

அவள் அந்த இரண்டு வரியையும் அழித்தாள்.

பத்திரிகை ஆசிரியருக்குப் புதிதாக எழுதியது நீளமாக வரவில்லை. ‘எங்கள் கட்டுரையில் இரட்டை வடிநீர் என்று எழுதியது தவறு. வடிக்கும் கருவி பழுதாகியிருந்தது. எங்களுக்குத் தெரியாமல் கோயம்புத்தூர் நகரத்தின் ஒரு அடிபம்புத் தண்ணீர் பயன்பட்டிருக்கிறது. தண்ணீரை நான் சோதிக்கவில்லை. அதே பம்பின் தண்ணீரில் இப்போது மறுபடி 0.72, 0.73 கிடைத்திருக்கின்றன. காரணம் கால்சியமாக இருக்கலாம் என்பது என் ஊகம். நிரூபணம் இன்னும் இல்லை. கட்டுரையைத் திருத்துவதா, திரும்பப் பெறுவதா என்பதை உங்கள் முடிவுக்கு விடுகிறேன்.’

‘நான் சோதிக்கவில்லை’ என்ற இடத்தில் விரல்கள் கொஞ்ச நேரம் நின்றன. ‘நாங்கள்’ என்று போட்டிருக்கலாம். கட்டுரைகளில் அதுதான் வழக்கம். அவள் அப்படியே விட்டாள்.

பிரிண்டர் கரகரவென்று ஓடியது. மாரியாத்தாள் எட்டிப் பார்த்தாள். “எம்பேரு வருதுங்களா அதுல?”

“இல்லைங்க.”

“வர வேண்டாமுங். நாளைப்பின்னைக்கு வம்பு.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “மேடம், எனக்குத் தெரியுமுன்னு சாந்தாமணிகிட்டச் சொல்லிப்போடாதீங். நாக்கு மேல அவளுக்கு ஒரு பயம் இருக்குதில்ல, அது இருந்துட்டுப் போகட்டும்.”

மோகனப்பிரியா சிரித்தாள். ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு. சிரித்து முடிப்பதற்குள்ளேயே பழைய தவிப்பு தலைகாட்டியது. கால்சியமா, மக்னீசியமா? அடுத்த வீதிப் பம்பில் எடுத்தால் என்ன வரும்? கமிட்டி என்ன சொல்லும்? கோவிந்தராஜுலு இந்தக் கடிதத்தைப் பார்த்தால் மயங்கி விழுவார். நாளை காலை அவரிடம் போய், பீரோச் சாவியைக் கேட்க வேண்டும். கடிதத்தைச் சொல்லிவிட்டே கேட்க வேண்டும்.

அவள் கேனருகே போனாள். தன் எழுத்து ஒட்டியிருந்த தாளை நகத்தால் கீறி உரித்தாள். பாதி வந்தது, பாதி ஒட்டிக்கொண்டது.

“இனிமே காலியா இருந்தா காலியாவே இருக்கட்டுங்க,” என்றாள். “எங்கிட்ட வந்து சொல்லுங்க, அது போதும்.”

“சொன்னா வைய மாட்டீங்களே?”

சரி என்று சொல்ல வாய் வந்தது. அவள் ஒரு கணம் யோசித்தாள்.

“வைவேன்,” என்றாள். “வஞ்சாலும் சொல்லுங்க.”

மணி மூன்றே முக்கால். சரவணம்பட்டித் தபால் ஆபீசில் நான்கு மணிக்கு மேல் ரிஜிஸ்டர் வாங்க மாட்டார்கள். அவள் உறையை ஒட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, “சபுரா, மூணாவது செல்லைப் போட்டு வை, வந்துடறேன்,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வெளியே காற்று புடவையை ஒரு பக்கமாக இழுத்தது. உறையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு, எதிர்க்காற்றில் குனிந்து, வேகுவேகுவென்று நடந்தாள்.